ஜி ஸ்ட்ரிங்கில் ஒரு செத்த இடம்: வாசகர் கடிதமும் பதிலும்

அண்ணா, வணக்கம்.

நான் கோத்தகிரிப் பக்கம். சர்ச் பாடகர் குழுவிலும் கல்யாண மெல்லிசைக் கச்சேரிகளிலும் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். நீங்களும் பேஸ் வாசிப்பவர் என்பதால் கேட்கிறேன். பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறது. தங்கப்போவது சின்ன அறை. அதனால் என் ஸ்குயர் கம்பெனி ஜாஸ் பேஸ், மாமா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஆம்ப் ஹெட் (ஆம்ப்ளிஃபயர்), 15 இன்ச் ஸ்பீக்கர் கேபினெட் எல்லாவற்றையும் ஆன்லைனில் விற்கப் போட்டேன். "ஸ்குயர் பேஸ், குட் கண்டிஷன், அர்ஜென்ட் சேல்" என்று எழுதி ஒரு படமும் வைத்தேன். "கடைசி விலை என்ன?" என்பதைத் தவிர யாரும் எதுவும் கேட்கவில்லை. ராணுவத்தில் இருப்பதாகச் சொன்ன ஒருவர் மட்டும் விலையே பேசாமல் க்யூஆர் கோடு அனுப்பினார்.

பேஸில் ஒரு குறை உண்டு. நாலு ஸ்ட்ரிங்கில் மெல்லியதான ஜி ஸ்ட்ரிங்கில் ஐந்தாவது, ஆறாவது ஃப்ரெட்டில் (நெக்கில், அதாவது கழுத்தில், குறுக்கே பதித்த உலோகக் கம்பி) வாசித்தால் சத்தம் நிற்காமல் சீக்கிரம் செத்துவிடுகிறது. "அதைச் சொன்னால் விலை போகாது, சொல்லாதே" என்கிறார்கள் நண்பர்கள். ரோஸ்வுட் கிட்டாரை விற்க ஃபாரஸ்ட் பர்மிஷன் வேண்டும் என்று வேறு ஒருவர் பயமுறுத்துகிறார். பாடியில் ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் பிரிட்ஜை மாற்ற 6,000 ரூபாய் செலவழித்தேன், அது திரும்பக் கிடைக்குமா? கடைசியாக, எங்கள் குழுவில் ஒரு தம்பி மாதத் தவணையில் கேட்கிறான். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் மொத்தப் பணமும் தருகிறேன் என்கிறார். யாருக்குக் கொடுக்க?

ம., கோத்தகிரி

அன்புள்ள ம.,

முதலில் அந்த ராணுவக்காரரை பிளாக் செய்யுங்கள். சோபா விற்றவர்களிடமும் பைக் விற்றவர்களிடமும் இதே ஆள்தான் வருகிறார், இதே கதையைத்தான் சொல்கிறார். யூபிஐயில் பின் நம்பர் போடுவது பணம் அனுப்பத்தான். பணம் வந்து சேர நாம் எதையும் ஸ்கேன் செய்ய வேண்டாம், பின்னும் போட வேண்டாம். இனி யாராவது "அனுப்பிட்டேன்" என்று ஸ்க்ரீன்ஷாட் காட்டினாலும், உங்கள் வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்த பிறகுதான் பேச்சு. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அடிக்க வேண்டும். அது போகட்டும். பேஸ் வாங்க வந்தவர் நாலு ஸ்ட்ரிங்கா அஞ்சு ஸ்ட்ரிங்கா என்றுகூடக் கேட்கவில்லையே, அப்போதே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

மற்றவர்கள் "கடைசி விலை" கேட்டதில் அவர்கள் தப்பு ஒன்றும் இல்லை. உங்கள் விளம்பரத்தில் கேட்பதற்கு வேறு என்ன இருக்கிறது? குட் கண்டிஷன் என்று எல்லோரும்தான் போடுகிறார்கள். அர்ஜென்ட் என்று போட்டதில் ஆயிரம் ரெண்டாயிரத்தை நீங்களே குறைத்துவிட்டீர்கள். பூப்போட்ட பெட்ஷீட்டில் கிடத்தி எடுத்த படத்தில் தெரிவது கிட்டாரின் நிறம் மட்டும்தான்.

பேஸ் வாசிப்பவன் ஒரு பழைய பேஸைக் கையில் வாங்கினால் முதலில் என்ன செய்வான்? தலைப்பக்கத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, நெக் நெடுகப் பார்ப்பான். அந்தப் படத்தைப் போடுங்கள். ஈ, ஏ ஸ்ட்ரிங்குகளுக்குக் கீழே முதல் ஐந்து ஃப்ரெட்டுகள் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று பக்கத்திலிருந்து ஒரு படம். நெக்கின் முதுகு, சீரியல் நம்பர், நெக் பாடியோடு சேரும் இடம், ஜாக் எல்லாம் வேண்டும். அப்புறம் ஒரு நிமிட ஒலிப்பதிவு. ரிவர்ப், கம்ப்ரெஷன் என்று எந்த எஃபெக்டும் போடாதீர்கள். பாட்டு வாசித்தும் காட்ட வேண்டாம். நாலு ஸ்ட்ரிங்கிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக மெதுவாக ஏறிப் போங்கள். இசைக்காரர்கள் அதைத்தான் கேட்பார்கள்.

அந்தப் பதிவில் உங்கள் ஜி ஸ்ட்ரிங் எப்படியும் மாட்டிக்கொள்ளும். மாட்டட்டும். நீங்கள் குறை என்று நினைப்பதை ஜாஸ் பேஸ் வாசிக்கும் ஆட்களில் பாதிப் பேர் தங்கள் பேஸிலும் கேட்டிருப்பார்கள். உங்கள் ஸ்குயரின் தாய் நிறுவனமான ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தது, 1960இல் ஜாஸ் பேஸை. நீளமான நெக், அதை பாடியோடு திருகாணி போட்டு இணைப்பது என்ற அந்த அமைப்பு இன்றுவரை தொடர்கிறது. கூடவே இந்தச் செத்த இடமும் தொடர்கிறது. பெரும்பாலும் ஜி ஸ்ட்ரிங்கில் ஐந்திலிருந்து ஏழாவது ஃப்ரெட்டுக்குள் எங்காவது இருக்கும். நெக் என்கிற மரத்துண்டுக்கும் தனக்கென்று ஒரு அதிர்வு உண்டு. ஸ்ட்ரிங்கின் சுருதி அதோடு ஒத்துப்போகும் இடத்தில் ஸ்ட்ரிங்கின் சக்தியை நெக் உறிஞ்சிக்கொள்கிறது, நோட்டு அணைந்துவிடுகிறது. இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஹெட்ஸ்டாக்கை, அதாவது கிட்டாரின் தலையை, ஒரு சுவரிலோ அலமாரியிலோ அழுத்தி வைத்துக்கொண்டு அதே நோட்டை வாசியுங்கள். அல்லது கனமான ஒரு கிளாம்ப்பை அதில் மாட்டுங்கள். செத்த இடம் ஒரு ஃப்ரெட் தள்ளிப் போகும், சில சமயம் இருந்த இடம் தெரியாது. ஜி ஸ்ட்ரிங்கின் ஐந்தாவது ஃப்ரெட்டில் வரும் அதே நோட்டை டி ஸ்ட்ரிங்கில் பத்தாவது ஃப்ரெட்டில் வாசித்தால் நன்றாக நிற்கும்.

விளம்பரத்தின் முதல் வரியே இதுவாக இருக்கட்டும்: "ஜி ஸ்ட்ரிங், 5-6 ஃப்ரெட், டெட் ஸ்பாட் உண்டு, ஆடியோவில் 40ஆவது நொடியில் கேளுங்கள்." உங்கள் நண்பர்கள் சொல்வது மிக்ஸி விற்பவனுக்குச் சரி. இங்கே வாங்குகிறவன் காதை வைத்துப் பிழைப்பவன். வீட்டுக்குப் போய்ப் பத்து நிமிடத்தில் கண்டுபிடிப்பான். அப்புறம் நீங்கள் சொன்ன மற்ற எதையும் நம்ப மாட்டான். டெட் ஸ்பாட் எந்த ஃப்ரெட்டில் என்று சொல்கிற ஆள் அந்த பேஸை உண்மையிலேயே வாசித்தவர் என்று அவனுக்கு உடனே தெரிந்துவிடும். "கடைசி விலை" கேட்கும் கூட்டமும் அந்த வரியிலேயே விலகிவிடும்.

ஹம் என்கிற ரீங்கார இரைச்சல் பற்றியும் எழுதிவிடுங்கள். ஜாஸ் பேஸில் இரண்டு வால்யூமையும் முழுசாகத் திறந்தால் ஸ்ட்ரிங்கின் அதிர்வைப் பிடிக்கும் இரண்டு பிக்கப்பில் ஒன்றின் இரைச்சலை இன்னொன்று அடித்துவிடும், அமைதியாக இருக்கும். ஒன்றைக் குறைத்தால் ஹம் கேட்கும். சிங்கிள் காயில் வகைப் பிக்கப் என்றால் அப்படித்தான். தெரியாதவர் வயரிங் கெட்டுவிட்டது என்று நினைத்துத் திருப்பி அனுப்பப் பார்ப்பார்.

இனி நம் ஊர் விஷயம். கோத்தகிரியிலும் குன்னூரிலும் ஐப்பசி, கார்த்திகையில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடுகிறது. பீரோவில் இருக்கும் சட்டையே பூசணம் பிடிக்கும்போது மரத்தில் செய்த நெக் சும்மா இருக்குமா? ஈரம் குடித்து உப்பும். தை மாதத்தில் உறைபனி விழும் நாட்களில் காற்று வறண்டு போகும், நெக்கும் சுருங்கும். படம் எடுப்பதற்கு முன் ட்ரஸ் ராடை, அதாவது நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே ஓடும் உலோகக் கம்பியை, பார்த்துவிடுங்கள். நாலு ஸ்ட்ரிங்கும் சுருதியில் இருக்கட்டும். ஈ ஸ்ட்ரிங்கை முதல் ஃப்ரெட்டிலும் நெக் பாடியோடு சேரும் ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஏழாவது எட்டாவது ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங்குக்குக் கீழே ஒரு விசிட்டிங் கார்டைச் செருகிப் பாருங்கள். சும்மா உரசிக்கொண்டு போனால் சரி. போகவே இல்லை என்றால் நெக் பின்பக்கம் வளைந்திருக்கிறது. தாராளமாகப் போனால் முன்பக்கம். திருப்புவதென்றால் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள், ஒரு இரவு விட்டு மறுபடி பாருங்கள். ஆனால் நெக் முறுக்கிக்கொண்டிருந்தால் ட்ரஸ் ராடால் ஒன்றும் ஆகாது, அதையும் விளம்பரத்தில் எழுத வேண்டியதுதான்.

கோயம்புத்தூர்க்காரர் வாங்கினால் இன்னொன்று நடக்கும். இந்த ஈரத்தில் ஊறிய நெக் மாசி, பங்குனி வெயிலில் அங்கே போய்க் காய்ந்தால் மரம் குறுக்கே சுருங்கும். ஃப்ரெட் உலோகம், அது சுருங்காது. ஓரங்களில் ஃப்ரெட் நுனிகள் வெளியே துருத்தும். கையை நெக்கில் மேலும் கீழும் ஓட்டினால் ரம்பம் போல அறுக்கும். மெல்லிய அரத்தால் ராவிவிட்டால் போதும், பெரிய வேலை இல்லை. ஆனால் விற்கும்போதே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் நல்ல பேஸை மட்டமான பேஸ் என்று நினைத்துக்கொள்வார்.

ரோஸ்வுட் பயம் எங்கிருந்து வந்தது என்று தெரிகிறது. 2017 ஜனவரியில் அழியும் அபாயத்தில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கை, ரோஸ்வுட் அடங்கிய டால்பெர்ஜியா இன மரங்கள் அத்தனையையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. நம் கூடலூர்ப் பக்கம் நிற்கும் ஈட்டியும் அதில் அடக்கம். உலகம் முழுக்க கிட்டார்க்காரர்கள் புலம்பினார்கள். 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு வந்துவிட்டது. அதுவும் நாடு விட்டு நாடு போகும் சரக்குக்கான விதி. மேட்டுப்பாளையம் போகும் பேஸுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. உங்களுடையது ரோஸ்வுட்தானா என்பதே சந்தேகம். அண்மைக்கால ஸ்குயர்களில் பலவற்றின் ஃபிங்கர்போர்டு (ஃப்ரெட் பதித்த பலகை) இந்தியன் லாரல், அதாவது கருமருது. மாடல் பெயரைப் போட்டுத் தேடிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையிலேயே பயம் தந்தது அந்த ஆம்ப் ஹெட். அமெரிக்க மின்சாரம் 120 வோல்ட், நம்முடையது 230. பின்பக்கம் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். 100-240 என்றிருந்தால் கவலை இல்லை. 120 என்று மட்டும் இருந்தால் இத்தனை நாளும் வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மரில்தான் ஓட்டியிருப்பீர்கள். அந்த ட்ரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்தே கொடுங்கள், தனியாக விற்காதீர்கள். வாயால் சொன்னது போதாது. பவர் சாக்கெட்டுக்கு மேலே "120 வோல்ட் மட்டும்" என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். நீங்கள் விற்பவருக்குத் தெரிந்திருக்கும். திருவிழா மேடையில் அவசரமாக வயர் மாட்டும் சவுண்ட் சர்வீஸ் பையனுக்குத் தெரியாது. அதிர்ஷ்டம் இருந்தால் ஃப்யூஸோடு போகும்.

கேபினெட்டை மலையை விட்டு இறக்காதீர்கள். அந்தக் கனத்துக்கு லாரி வாடகையே விலையைத் தின்றுவிடும். குன்னூர், ஊட்டி சர்ச்சுகளில் கேட்டுப் பாருங்கள், கிறிஸ்துமஸுக்கு முன்னால் கட்டாயம் யாருக்காவது வேண்டியிருக்கும். படுக இசைக்குழுக்களிலும் சொல்லி வையுங்கள்.

விலைக்கு என் கணக்கு எளிது. நீங்கள் வாங்கிய விலையை மறந்துவிடுங்கள். அதே மாடல் இன்று கடையில் புதிதாக என்ன விலையோ அதில் அறுபது சதவீதம். ஃப்ரெட் நன்றாக இருந்தால் கொஞ்சம் கூட. 6,000 ரூபாய் பிரிட்ஜுக்கு யாரும் தனியாகப் பணம் தர மாட்டார்கள். பழைய பிரிட்ஜ் டப்பாவில் கிடந்தால் அதையே திரும்ப மாட்டிவிட்டுப் புதியதைத் தனியாக விற்றுவிடுங்கள்.

கோயம்புத்தூர்க்காரருக்கு என்றால் பார்சலில் போட வேண்டாம். நாலடி நீளப் பொருள், கொண்டை ஊசி வளைவுகளில் மற்ற மூட்டைகளோடு உருளும். அவர் காரில் மேலே வருவதாக இருந்தால் 2024 மே முதல் இ-பாஸ் எடுக்க வேண்டும், அரசு பஸ்ஸில் வந்தால் வேண்டாம். அதைவிட நீங்கள் பஸ்ஸில் மேட்டுப்பாளையம் இறங்குவது சுலபம். ஜாக்கில் செருகும் சின்ன ஹெட்போன் ஆம்ப் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கிப் போங்கள். டீக்கடை பெஞ்சிலேயே அவர் வாசித்துப் பார்த்துவிடலாம். அனுப்பியே ஆக வேண்டும் என்றால் ஸ்ட்ரிங்குகளைக் கொஞ்சம் தளர்த்துங்கள், முழுசாகக் கழற்றாதீர்கள். ஹெட்ஸ்டாக்கின் கீழும் மேலும் துணி வைத்து அசையாமல் அடையுங்கள். உடைவது எப்போதும் அங்கேதான்.

இவ்வளவும் சொன்ன பிறகு, பேஸை அந்தத் தம்பிக்கே கொடுங்கள் என்பேன். பாவம் பார்த்துச் சொல்லவில்லை. அந்த நெக் இந்த ஊர் மேகத்துக்குப் பழகியது, இங்கேயே இருந்தால் ஃப்ரெட் நுனியும் துருத்தாது, பார்சல் தொல்லையும் இல்லை. ஜி ஸ்ட்ரிங் கதையும் பக்கத்தில் நின்று கேட்டவனுக்குத் தெரியாமலா இருக்கும்? விலையைக் குறைக்காதீர்கள். வெளியாளுக்குச் சொன்ன அதே விலை. பாதியை முதலில் வாங்குங்கள், மீதி எத்தனை மாதம், எந்தத் தேதி என்பதை வாட்ஸ்அப்பில் இருவரும் எழுதிக்கொள்ளுங்கள். "ஊருக்கு வரும்போது வாசிக்கக் கொடு" என்று மட்டும் கேட்காதீர்கள், பிறகு அவன் அதைத் தன்னுடையது என்றே நினைக்க மாட்டான். பணம் நின்றுபோனால் பாதிரியாரிடம் போகாமல் அவன் அம்மாவிடம் போங்கள்.

ஆம்ப் ஹெட்டை மட்டும் அவனுக்குக் கொடுக்காதீர்கள். கோயம்புத்தூர்க்காரருக்குத் தேவையா என்று கேட்டுப் பாருங்கள். பழைய கேபிள்களை யாருக்கும் விற்க வேண்டாம், சும்மாவே கொடுத்துவிடுங்கள். அதில் ஒன்றிலாவது லூஸ் காண்டாக்ட் இருக்கும், எது என்று உங்களுக்கே தெரியும்.