புளோக் கீழே இருக்கும் புல்லில் அருகம்புல் எது? கதிரைப் பாருங்கள்

கேள்வி: சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கைச் சுற்றியுள்ள புல்தரையில் பல வகைப் புற்கள் கலந்து வளர்கின்றன. பிள்ளையாருக்கு அருகம்புல் என்று ஒருவர் பறிக்கிறார். அது கேழ்வரகுச் செடி என்கிறார் இன்னொருவர். எப்படித்தான் பிரித்தறிவது?

இலையை வைத்து முடிவு செய்யாதீர்கள். புல்வெட்டும் இயந்திரம் போன மறுநாள் எல்லாப் புல்லும் ஒரே மாதிரிதான் நிற்கும். கொஞ்ச நாள் விட்டால் கதிர் மேலே வரும். புல்லின் அடையாளம் முழுவதும் அந்தக் கதிரில்தான் இருக்கிறது.

அதற்கு முன் ஒரு சோதனை. தண்டை இரண்டு விரல்களுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள். மூன்று விளிம்பு தட்டுப்பட்டால் அது கோரை, புல்லே இல்லை. புல்லின் தண்டு உருண்டையாகவோ தட்டையாகவோ இருக்கும், கணு வைத்திருக்கும்.

சரி, இப்போது கதிர். புல் பூவுக்கு வண்ண இதழ் கிடையாது. மகரந்தத்தைக் காற்று கொண்டுபோவதால் வண்டை வரவழைக்க வேண்டிய தேவை அதற்கு இல்லை. உமி போன்ற செதில்களுக்குள் பூக்கள் அடங்கிய சின்னஞ்சிறு கட்டு ஒன்று இருக்கும். அதைச் சிறுகதிர் என்கிறோம். சிறுகதிர்கள் எந்தப் பக்கம் அடுக்கப்பட்டிருக்கின்றன, கிளைகள் எங்கிருந்து புறப்படுகின்றன, நுனியில் என்ன இருக்கிறது என்ற மூன்றையும் பார்த்தாலே புளோக் கீழே இருப்பதில் பெரும்பாலானவை பிடிபட்டுவிடும்.

உங்கள் புல்தரையில் தகராறு செய்வது விரல் விரித்த மாதிரி கதிர் விடும் கூட்டம். அருகம்புல்லில் மூன்று முதல் ஆறு வரை மெல்லிய கதிர்கள், எல்லாம் தண்டின் உச்சியில் ஒரே புள்ளியிலிருந்து கிளம்பும். ஒவ்வொரு கதிரிலும் சிறுகதிர்கள் ஒரு பக்கமாகவே இரண்டு வரிசையில் ஒட்டியிருக்கும். ஒரு சிறுகதிரைப் பிரித்தால் உள்ளே ஒரே ஒரு பூதான்.

கேழ்வரகு என்று சொல்லப்படுவது பெரும்பாலும் எலூசின் இண்டிகா என்ற அறிவியல் பெயர் கொண்ட, மலாய்க்காரர்கள் சம்பாவ் என்று சொல்லும் புல். இதன் கதிர்கள் இன்னும் தடித்தவை, பச்சையானவை. பெரும்பாலான செடிகளில் ஒரு கதிர் மட்டும் மற்றவற்றோடு சேராமல் சற்றுக் கீழே தனியாகப் புறப்பட்டிருக்கும். அதைக் கண்டால் அருகம்புல் இல்லை என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். சிறுகதிரைப் பிரித்தால் பல பூக்கள் அடுக்காக இருக்கும். செடியின் அடிப்பகுதி தட்டையாக, வெளிறி, தரையோடு அழுந்திக் கிடக்கும்.

இதே கூட்டத்தில் காக்காக்கால் புல்லும் உண்டு. கதிர்கள் குட்டையாக, தடிப்பாக இருக்கும். நுனியைப் பாருங்கள்: சிறுகதிர்கள் முடிந்த பிறகும் நடுக்காம்பு வெறுமையாக ஒரு முள்ளாக நீண்டிருக்கும். சம்பாவில் நுனிவரை சிறுகதிர் இருக்கும். ஊதா நிறத்தில் கதிர்கள் நிறைய சேர்ந்து, தொட்டால் மெத்தென்று இருந்தால் அது மயில்கொண்டைப்புல். அதன் ஒவ்வொரு சிறுகதிரிலும் மூன்று மீசை நீட்டியிருக்கும்.

கேழ்வரகு என்று சொன்னவரும் வெகுதூரம் போய்விடவில்லை. சம்பாவ் கேழ்வரகின் நெருங்கிய காட்டு உறவு. கேழ்வரகின் மரபணுத் தொகுதியில் ஒரு பாதி இந்தப் புல்லின் வழியில் வந்தது. லிட்டில் இந்தியாவின் தேக்காவில் வாங்கிய முழுக் கேழ்வரகைச் சமூகத் தோட்டத்துப் பாத்தியில் தூவிப் பாருங்கள். நாற்றுப் பருவத்தில் எது பயிர், எது களை என்று பிரிப்பது மிகவும் கடினம். கதிர் வந்ததும் வேறுபாடு தெளிவாகிவிடும். சம்பாவில் கதிர்கள் ஒல்லியாக நேராக விரிந்து நிற்கும். கேழ்வரகில் அவை தடித்து, முற்றும்போது மடக்கிய விரல்கள் போல உள்ளே வளையும். முற்றிய கதிரை உள்ளங்கையில் தேயுங்கள். சம்பாவின் விதை நீள்வட்டமாக, கருமையாக, மேலே நுண்ணிய வரிகளோடு எளிதில் உதிரும். கேழ்வரகு மணி உருண்டை. கதிரைவிட்டு அவ்வளவு சுலபமாக இறங்காது, அடித்துத்தான் எடுக்க வேண்டும். காட்டுப்புல் தானே உதிர்த்துப் பரவுகிறது. உதிராமல் நின்ற கதிர்களைத்தான் மனிதர்கள் அறுத்து, அதிலிருந்தே மறுபடி விதைத்தார்கள். நெல், கம்பு, தினை எல்லாவற்றிலும் இதே கதைதான். எனக்குப் புல்லின் மேல் இவ்வளவு ஈடுபாடு வந்ததே இதனால்தான்.

அடுத்து, தரை முழுக்கப் படர்ந்திருக்கும் அகல இலைப் புல். இங்கே கௌகிராஸ் என்பார்கள். உச்சியில் இரண்டு மெல்லிய கதிர்கள் 'வி' எழுத்தாக நிற்க, மூன்றாவது பெரும்பாலும் சற்றுக் கீழே இருக்கும். அதன் பக்கத்திலேயே வளரும் பாஸ்பலம் கான்ஜுகேட்டம் என்ற புல் உச்சியில் இரண்டே கதிர்களை 'டி' எழுத்து போலப் படுக்கையாக விரிக்கும். சிறுகதிர்கள் வட்டமாகத் தட்டையாக, ஓரத்தில் பட்டு முடியோடு இருக்கும். இரண்டும் வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தவை.

கால்சட்டையில் குத்தி ஒட்டிக்கொண்டு வருகிறதே, அது ஒட்டுப்புல். அடுத்த முறை பிடுங்கி எறியாமல் ஒன்றை வெள்ளைத்தாளில் வைத்துப் பாருங்கள். சிறுகதிர்கள் மும்மூன்றாக இருக்கும். நடுவில் காம்பில்லாதது ஒன்று, இரு பக்கமும் காம்புள்ளவை இரண்டு. மூன்றுக்கும் அடியில் ஊசி முனை. துணியில் ஏறுவது அந்த முனைதான்.

வெற்று நிலங்களில் வெள்ளைப் பட்டாகக் கதிர் விட்டு நிற்பது லாலாங். அதன் பூவில் ஒரு விசேஷம்: மகரந்தத் தாள் இரண்டுதான். பெரும்பாலான புற்களுக்கு மூன்று, நெல்லுக்கு ஆறு.

சாலையோர அலங்காரப் புல்லிலும் யானைப்புல்லிலும் தூரிகை மாதிரி கதிர் பார்த்திருப்பீர்கள். தினைக் கதிரும் அப்படித்தான் தெரியும். ஒரு சிறுகதிரைக் கிள்ளி எடுங்கள். முடிகள் காம்பிலேயே தங்கிவிட்டால் தினையின் இனம். முடியும் சேர்ந்து கையோடு வந்தால் யானைப்புல், கம்பு ஆகியவற்றின் இனம். பயிரான கம்பில் மணி முற்றினாலும் தானாக விழாது என்பதால் அதில் மட்டும் இந்தச் சோதனை சரியாக வராது.

மக்காச்சோளத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உச்சியில் ஆண் கதிர், இலைக்கக்கத்தில் பெண் கதிர். பெண் கதிரின் நுனியில் தொங்கும் ஒவ்வொரு நூலும் ஒரு மணிக்குப் போகிறது.

பூசைக்கு வேண்டுமென்றால் தேக்கா பூக்கடைகளில் அருகம்புல் கட்டாகவே கிடைக்கும். பூங்காக்களிலும் இயற்கைக் காப்பகங்களிலும் அனுமதி இல்லாமல் செடி பறிக்கக்கூடாது, அங்கே கைப்பேசிப் படம் போதும். கதிர்கள் கிளம்பும் இடத்தை ஒரு படம், கதிரின் இரு பக்கங்களையும் ஒவ்வொரு படம், நுனியை ஒரு படம். காற்றில் ஆடினால் தெளிவாக வராது, அதனால் பின்னால் உள்ளங்கையை வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் உயிரினப் படங்களைப் பகிர்ந்து பெயர் கேட்கும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றினால் புல் தெரிந்தவர்கள் பெயரைச் சரிபார்க்க முடியும். வெறும் இலைப் படத்தை வைத்து அவர்களாலும் ஒன்றும் சொல்ல முடியாது.