ஆட்ரி: கடிதம்

அன்புள்ள ஐயா,

லண்டனில் இருக்கும் என் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. மருமகன் ஆங்கிலேயர். ஆட்ரி என்று பெயர் வைக்கப்போகிறார்களாம். அகராதியைப் புரட்டினால், மட்டமான பகட்டைக் குறிக்கும் 'டாட்ரி' என்ற சொல்லே இந்தப் பெயரிலிருந்து வந்ததுதான் என்று போட்டிருக்கிறது. மனசு கேட்கவில்லை. எண் கணிதமும் ஒத்துவரவில்லை. மாற்றச் சொல்லலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

எண் கணிதத்தைத் தூக்கிப் போடுங்கள். அகராதியைப் பாதியில் மூடியதற்குத்தான் உங்கள்மேல் கோபம்.

ஆட்ரியின் பழைய வடிவம் எதெல்த்ரித். 'எதெல்' உயர்குடி, 'த்ரித்' வலிமை. அந்தப் பெயருக்குரியவள், இங்கிலாந்தின் பழைய நாடுகளில் ஒன்றான கிழக்கு ஆங்கிலியாவின் அரசர் மகள். இருமுறை மணமாகி, பின் துறவியானவள். 673இல் அங்கே ஈலி என்ற ஊரில் மடம் நிறுவினாள். 679இல் கழுத்தில் கட்டி வந்து இறந்தாள். சிறுவயதில் வீணாகச் சுமந்த கழுத்தணிகளுக்கு இது பரிகாரம் என்று அவளே சொன்னதாகத் இங்கிலாந்தின் பழைய வரலாற்றை எழுதிய துறவி பீட் எழுதிவைத்திருக்கிறார். 16 ஆண்டு கழித்துக் குழியைத் திறந்தபோது, வைத்தியர் கீறிய புண் மெல்லிய தழும்பாக ஆறியிருந்ததாம்.

பிற்காலத்தில் ஈலிச் சந்தையில் அவள் பெயரால் கழுத்துப் பட்டு லேஸ் விற்றார்கள். 'செயின்ட் ஆட்ரி'யின் 'ட்' ஒட்டிக்கொண்டு 'டாட்ரி' ஆனது. சரக்கு மட்டமானது, சொல்லும் மட்டமானது. அவ்வளவுதான்.

என்னை விடாமல் பிடித்திருப்பது அந்தப் பரிகாரப் பேச்சு. என் பாட்டிக்குக் கண்டமாலை, கழுத்தில் முடிச்சு முடிச்சாக வீங்கும் நோய். சித்திரை வெயிலிலும் முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டிருப்பாள். ஒருநாள் தலை துவட்டும்போது விலகிவிட்டது. காதுக்குக் கீழே வரிசையாக நான்கு முடிச்சுகள். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "அக்கா சங்கிலிக்கு ஆசைப்பட்டேன்ல, சாமி கழுத்துலயே போட்டுட்டார்டா" என்றாள்.

பாட்டிக்கு வந்தது கழுத்தைத் தாக்கிய காசநோய். கிருமிக்கு நகை தெரியுமா? ஒரு சிறுமி பாசிமணிக்கு ஆசைப்பட்டது குற்றமா? அரசகுமாரியும் பாட்டியும் ஒரே பழியைத் தங்கள் தலையில் தாங்களே போட்டுக்கொண்டு செத்தார்கள். ஆயிரத்து முந்நூறு ஆண்டு இடைவெளி! அந்தப் பழியைத் துடைக்காமல், நீங்கள் லேஸ் கடைக்காரன் பழியையும் சேர்த்து அந்த அரசகுமாரியின் பெயர்மேல் ஏற்றுகிறீர்கள். எனக்குத் தாங்கவில்லை, அம்மா.

பெயரை மாற்றச் சொல்லாதீர்கள். போகும்போது ஆட்ரிக்கு ஒரு மெல்லிய சங்கிலி வாங்கிக்கொண்டு போங்கள்.