ஆறு நாறிய காலத்திலிருந்து புகைமூட்டம் வரை: கேட்டீர்கள், சொல்கிறேன்

சிங்கப்பூரில் தூய்மைக்கேட்டுக் கட்டுப்பாட்டு வேலையில் முப்பது வருடம் ஓட்டிவிட்டு இப்போது ஓய்வில் இருக்கிறேன். சுற்றுப்புறச் சட்டங்கள், விபத்துகள் பற்றி வந்த கேள்விகளில் முடிந்தவற்றுக்குப் பதில் எழுதுகிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. பக்கத்து வீட்டுப் புகைச் சண்டைக்கு என்னைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள்.

தெம்பனிஸ் வாசகர்: ஐயா, இந்தியாவில் போபாலுக்குப் பிறகுதானே சட்டம் வந்தது? இங்கேயும் அப்படி ஏதாவது நடந்துதான் சட்டம் போட்டார்களா?

இல்லை தம்பி. பெரும்பாலான ஊர்களில் பிணம் விழுந்த பிறகுதான் சட்டம் எழுந்தது. லண்டனில் 1952 டிசம்பரில் நச்சுப் புகை ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது, தூய காற்றுச் சட்டம் 1956ல் வந்தது. போபாலில் 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு ஓர் ஆலையிலிருந்து மீத்தைல் ஐசோசயனேட் என்ற நச்சு வாயு கசிந்தது, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986ல் வந்தது. அதற்கு முன்பே இந்தியாவில் 1974ல் நீருக்கும் 1981ல் காற்றுக்கும் சட்டம் இருந்தது என்பதையும் மறக்க வேண்டாம். ஏட்டில் இருந்தது, அவ்வளவுதான்.

இங்கே 1970லேயே தூய்மைக்கேட்டுத் தடுப்புப் பிரிவு தொடங்கிவிட்டது, அதுவும் நேரே பிரதமர் அலுவலகத்தின் கீழ். ஆலை வந்தால் போதும், வேலை கிடைத்தால் போதும் என்று நாடு தவித்த நேரம் அது. வேறு அமைச்சின் கீழ் வைத்திருந்தால் நாலு பேர் நெருக்கி வளைத்திருப்பார்கள். 1971ல் தூய காற்றுச் சட்டம், 1972ல் சுற்றுப்புற அமைச்சு.

புகையை எப்படி அளப்பது என்று அடுத்து கேட்பீர்கள். ரிங்கல்மன் அட்டை என்று ஒன்று உண்டு. வெள்ளையில் கறுப்புக் கட்டக் கோடுகள், எண் ஏற ஏறக் கறுப்பு கூடும். அட்டையைத் தூக்கிப் பிடித்து, புகைபோக்கி வாயில் வரும் புகை எந்தக் கட்டத்தோடு ஒத்துப்போகிறது என்று பார்க்க வேண்டும். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றால், உள்ளேயிருந்து மேலாளர் குளிர்ந்த மைலோ கொடுத்தனுப்புவார். குடிக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் மேலதிகாரி. நல்ல மனிதர்.

அதே வாசகர்: அப்படியென்றால் ஜூரோங் தீவில் போபால் நடக்காது என்கிறீர்களா?

நடக்கவே நடக்காது என்று எந்தப் பொறியாளரும் சொல்ல மாட்டார். ஆனால் போபாலில் அத்தனை பேர் செத்ததற்கு வாயு மட்டுமா காரணம்? ஆலைச் சுவரை ஒட்டியே குடிசைகள். இங்கே ஏழு தீவுகளை மண் கொட்டி இணைத்து, 2000ல் திறந்து, ரசாயன ஆலைகளைக் கடலுக்கு அப்பால் தள்ளி வைத்தார்கள். எதை எங்கே வைப்பது என்று முடிவு செய்துவிட்டால் பாதிச் சட்டம் எழுதியாகிவிட்டது.

புக்கிட் பாஞ்சாங் வாசகி: சிங்கப்பூர் ஆற்றைச் சுத்தப்படுத்திய கதையை என் மகன் பள்ளியில் படிக்கிறான். உண்மையிலேயே அவ்வளவு மோசமா?

அம்மா, சின்ன வயதில் அப்பாவோடு பாலம் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வேன். ஆற்றோரத்தில் சரக்கு ஏற்றும் தொங்காங் படகுகள் நெருக்கியடித்து நிற்கும். தண்ணீர் கறுப்பு. மேலே எண்ணெய் மினுங்கும், முட்டைக்கோஸ் இலை மிதக்கும். மலம், பன்றிப் பண்ணைக் கழிவு, அங்காடிக்காரர்கள் கொட்டும் எச்சில் எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும்.

1977 பிப்ரவரியில் பிரதமர் லீ குவான் யூ பத்து வருடம் கெடு வைத்தார். 1987ல் முடித்தார்கள். செலவு ஏறத்தாழ 170 மில்லியன் வெள்ளி, இடம்பெயர்ந்தவர்களுக்குக் கொடுத்த இழப்பீடு இதில் சேராது. பாடப் புத்தகம் இத்தோடு கைதட்டி முடித்துவிடும். உங்கள் மகனிடம் இதையும் சொல்லுங்கள்: ஏறக்குறைய 26,000 குடும்பங்கள் வேறிடம் போயின. தொங்காங் படகுகளை 1983ல் பாசிர் பாஞ்சாங்கிற்கு அனுப்பினார்கள். பன்றி வளர்த்தவர் வீவக என்ற அரசு அடுக்குமாடி வீட்டின் பத்தாவது மாடியில் என்ன செய்வார்? ஆறு சுத்தமானதற்கு விலை கொடுத்தவர்கள் அவர்கள். 2008ல் மரினா அணைக்கட்டு வந்த பிறகு அந்த ஆறே நீர்த்தேக்கத்தில் சேர்ந்துவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்டிய அதே ஆறு இன்று என் வீட்டுக் குழாய்க்கும் தண்ணீர் தருகிறது.

பிடோக் வாசகர்: 2024ல் ஈஸ்ட் கோஸ்ட்டில் எண்ணெய் ஒதுங்கியதே, மோதியது ஒரு கப்பல், பணம் கட்டுவது இன்னொரு கப்பலாமே. இது என்ன நியாயம்?

நல்ல கேள்வி. 2024 ஜூன் 14 அன்று பாசிர் பாஞ்சாங் முனையத்தில் சும்மா நின்றுகொண்டிருந்த எரிபொருள் கப்பல் மரீன் ஹானர். நெதர்லாந்துக் கொடி பறந்த வோக்ஸ் மாக்சிமா என்ற தூர்வாரும் கப்பல் கட்டுப்பாடு இழந்து அதன்மேல் மோதியது. சுமார் 400 டன் எண்ணெய் கொட்டி செந்தோசா, லாப்ரடார், ஈஸ்ட் கோஸ்ட் வரை பரவியது.

எந்தக் கப்பலிலிருந்து எண்ணெய் கொட்டியதோ அதன் உரிமையாளர் முதலில் கட்ட வேண்டும், குற்றம் யாருடையது என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்பது அனைத்துலக ஒப்பந்தம். 1967ல் டோரி கேன்யன் என்ற கப்பல் இங்கிலாந்துக் கரையோரம் பாறையில் மோதி எண்ணெயைக் கொட்டியபோது, யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் திண்டாடினார்கள். அதிலிருந்து 1969ல் பிறந்தது இது. மோதிய கப்பல்மேல் வழக்குப் போட்டு வருடக்கணக்கில் காத்திருந்தால், மீனவனும் கடற்கரைக் கடைக்காரனும் அதுவரை எதைச் சாப்பிடுவார்கள்? அதனால்தான் இது நியாயம் என்பேன். கட்டியவர் பிறகு மோதியவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

ஆனால் கப்பல் உரிமையாளரின் பொறுப்புக்கு வரம்பு உண்டு. அதற்கு மேல் போனால் ஓர் அனைத்துலக நிதி கைகொடுக்கும். 1997 அக்டோபரில் எவோய்கோஸ், ஓராப்பின் குளோபல் என்ற இரண்டு கப்பல்கள் நம் நீரிணையில் மோதி ஏறத்தாழ 28,500 டன் எண்ணெய் கொட்டியது. இதுவரை நமக்கு அதுதான் மிகப் பெரியது. அப்போது மலேசியாவும் இந்தோனேசியாவும் அந்த நிதியில் சேர்ந்திருந்தன, சிங்கப்பூர் சேரவில்லை. 1998 இறுதியிலிருந்துதான் நமக்கு அத்தகைய நிதி ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. பிணம் விழுந்த பிறகு சட்டம் என்று மற்ற ஊர்களைச் சொன்னேனே, கடல் விஷயத்தில் நாமும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

ஈசூன் வாசகி: பைக்கு 5 காசு வாங்குகிறார்களே, அதுவும் சுற்றுப்புறச் சட்டமா?

ஆமாம், 2023 ஜூலை 3 முதல், பெரிய பேரங்காடிகளில் மட்டும். தேக்காச் சந்தையில் கீரை வாங்கினால் மூன்று பை போட்டுத் தருவார்கள், ஒரு காசும் இல்லை.

சுவா சூ காங் வாசகர்: காட்டை வெட்டும் முன் சுற்றுப்புறப் பாதிப்பை ஆராய வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா?

அதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. ஆய்வு நடக்கிறது, ஆனால் நிர்வாக நடைமுறையாக. 2001ல் புலாவ் உபின் தீவின் செக் ஜாவா கடலோரத்தில் மண் கொட்டவிருந்தார்கள். மக்கள் போய்ப் பார்த்தார்கள், எழுதினார்கள், கடைசி நேரத்தில் அரசு ஒத்திவைத்தது. கிராஞ்சியில் அனுமதி வருமுன்பே காடு வெட்டப்பட்டது 2021ல் வெளியே தெரிந்தது. முதலாவதை நம் வெற்றி என்கிறோம், ஆனால் அது நல்ல மனசால் வந்தது. இதற்குத் தனிச் சட்டம் வேண்டும் என்பது வேலையில் இருந்தபோதே என் கருத்து.

உட்லண்ட்ஸ் வாசகி: புகைமூட்டச் சட்டத்தால் என்ன பயன்? இந்த வருடமும் முகமூடி வாங்கி வைக்கவா, அண்ணே?

2013 ஜூன் 21 ஞாபகம் இருக்கிறதா? மதியம் காற்றுத்தரக் குறியீடு 401. எதிர் புளோக் தெரியவில்லை. அடுத்த வருடமே எல்லை கடந்த புகைமூட்டச் சட்டம் வந்தது. இந்தோனேசியாவில் காட்டை எரித்தாலும் இங்கே வழக்குப் போடலாம், நாளுக்கு 100,000 வெள்ளி, மொத்தம் 2 மில்லியன் வெள்ளி வரை அபராதம். நிலம் யாருடையது, தீ எங்கே, காற்று எந்தப் பக்கம் என்று காட்டிவிட்டால், நான் இல்லை என்று நிரூபிப்பது நிறுவனத்தின் பாடு. எழுதியவர் கெட்டிக்காரர்.

ஆனால் நில வரைபடம் அங்கே, சாட்சி அங்கே, இயக்குநரும் அங்கே. போதாததற்கு எரிவது மரம் மட்டுமில்லை. இலைதழை மட்கிச் சேர்ந்து, தண்ணீரை வடித்துவிட்ட கரிச்சதுப்பு நிலம் அடியிலேயே வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். ஆற்றை நாம் சுத்தம் செய்ய முடிந்தது, கரை இரண்டும் நம்முடையது என்பதால். இந்தக் காற்றுக்கு ஒரு கரைதான் நம்முடையது.

முகமூடி வாங்கி வையுங்கள், பெட்டியில் காலாவதித் தேதியைப் பாருங்கள். என் அலமாரியில் இருப்பது 2013ல் வரிசையில் நின்று வாங்கிய என்-95 முகமூடி. போன வாரம் எடுத்து மாட்டிப் பார்த்தேன், தலையில் மாட்டும் முன்பே ரப்பர் அறுந்துவிட்டது.