வைகானசம், பாஞ்சராத்திரம்: பெருமாள் கோயில் ஆகமங்களில் என்ன வித்தியாசம்?

வைகானசம், பாஞ்சராத்திரம் இரண்டும் விஷ்ணுவுக்குத்தானே, அப்புறம் எதற்கு இரண்டு ஆகமம் (கோயில் வழிபாட்டு விதி நூல்), அந்த சமஸ்கிருத நூல்களில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரிய தத்துவச் சண்டையை எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். பெருமாளை யார் தொடலாம் என்ற இடத்தில்தான் இரண்டும் முதலில் பிரிகின்றன.

வைகானசத்தில் அர்ச்சகர் பிறப்பால் அர்ச்சகர். தாய் எட்டு மாதக் கர்ப்பமாக இருக்கும்போது விஷ்ணுபலி என்று ஒரு சடங்கு செய்து, சக்கர முத்திரை பதித்த பாயசத்தை அவளுக்குக் கொடுக்கிறார்கள். அதோடு குழந்தைக்கு வயிற்றிலேயே பெருமாள் முத்திரை விழுந்துவிட்டது என்று கணக்கு, அதனால் அவர்கள் கர்ப்ப வைஷ்ணவர்கள், தோளில் சூடு போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. பாஞ்சராத்திரத்தில் தீட்சை முக்கியம்: காய்ச்சிய சக்கரத்தை வலது தோளிலும் சங்கை இடது தோளிலும் ஒற்றிக்கொண்டால்தான் பூஜைக்கே தகுதி. நான்கு வருணத்தாருக்கும் பெண்களுக்கும்கூட தீட்சை உண்டு என்று பல சம்ஹிதைகள் (பாஞ்சராத்திர நூல்கள்) சொல்கின்றன. ஆனால் நடைமுறையில் பாஞ்சராத்திரக் கோயில்களிலும் அர்ச்சகர் வேலை பரம்பரையாகவே போனது, அது வேறு கதை.

வைகானச நூல்கள் அத்ரி, மரீசி, பிருகு, காசியபர் என்ற நான்கு ரிஷிகள் பேரில் இருக்கின்றன. திருமலையும் திருவல்லிக்கேணியும் இந்த வழி. பாஞ்சராத்திரத்தில் சம்ஹிதைகள் 108 என்பது வழக்கு, பெயர்களை எண்ணினால் 200-ஐத் தாண்டும். சாத்வதம், பௌஷ்கரம், ஜயாக்யம் மூன்றும் ரத்தினங்கள். இவற்றை ஒட்டி மேல்கோட்டையில் ஈசுவர சம்ஹிதை, ஸ்ரீரங்கத்தில் பாரமேசுவரம், காஞ்சி வரதர் கோயிலில் பாத்மம். ஸ்ரீரங்கத்தில் முன்பு வைகானசம் இருந்தது, ராமானுஜர்தான் மாற்றினார் என்று அந்தக் கோயிலின் பழைய வரலாற்று நூலான கோயிலொழுகு சொல்கிறது.

பாஞ்சராத்திரம் வடக்கே பிறந்தது, காஷ்மீரத்து உத்பல வைஷ்ணவர் பத்தாம் நூற்றாண்டிலேயே இதன் நூல்களை மேற்கோள் காட்டுகிறார். அதற்காகத் தமிழுக்குப் பிற்பாடுதான் வந்தது என்று நினைத்துவிட வேண்டாம். வாசுதேவன், சங்கர்ஷணன், பிரத்யும்னன், அநிருத்தன் என்று இறைவன் நான்காகப் பிரிந்து நிற்கும் வியூகக் கொள்கைதான் இதன் முதுகெலும்பு. சங்க நூலான பரிபாடல் மூன்றாம் பாட்டில் "செங்கட் காரி கருங்கண் வெள்ளை பொன்கட் பச்சை பைங்கண் மாஅல்" என்று வருகிறதே, அந்த நால்வரும் இவர்கள்தான்.

இந்த வியூகத்தில்தான் சங்கரர் கை வைத்தார். வாசுதேவனிடமிருந்து ஜீவனான சங்கர்ஷணன் பிறக்கிறான் என்றால் ஜீவனுக்குத் தொடக்கம் வந்துவிடும், தொடக்கம் உள்ளது அழியும், அப்புறம் மோட்சம் யாருக்கு என்பது பிரம்மசூத்திர உரையில் அவர் கேட்ட கேள்வி. வலுவான கேள்விதான், ஒப்புக்கொள்ள வேண்டும். ராமானுஜருக்கு முந்தைய வைணவ ஆசாரியர் ஆளவந்தார் இதற்காகவே ஆகமப் பிராமாண்யம் எழுதி பாஞ்சராத்திரத்துக்கு வேதத்துக்குச் சமமான மதிப்பு உண்டு என்று வாதாடினார். அதே சூத்திரங்கள் பாஞ்சராத்திரத்தை ஆதரிக்கத்தான் வந்தன என்று ராமானுஜர் தன் பிரம்மசூத்திர உரையான ஸ்ரீபாஷ்யத்தில் புரட்டிப் போட்டார். பிறப்பு இல்லை, இறைவன் தன் விருப்பத்தால் எடுக்கும் வடிவம் என்பது அவர் பதில்.

சரி, நூல்களுக்குள் என்ன இருக்கிறது? ஞானம், யோகம், கிரியை (கோயில் கட்டுவது), சரியை (வழிபாடு) என்று நான்கு பாதம், அதாவது பகுதி, சொல்வார்கள், ஆனால் பக்கத்தில் பெரும்பகுதி கோயில் வேலைதான். கோயில் கட்டப்போகும் நிலத்தை உழ வேண்டும், தானியம் விதைக்க வேண்டும், முளைத்ததைப் பசுக்களை விட்டு மேய வைக்க வேண்டும். விளக்கு அணைந்தால், விக்கிரகம் கை தவறி விழுந்தால் என்ன பரிகாரம் என்று அத்தியாயம் அத்தியாயமாகப் போகும். எனக்கு இந்தப் பகுதிதான் பிடிக்கும், தத்துவத்தை வேறு நூல்களில் படித்துக்கொள்ளலாம்.

ஒரு உதாரணம், வைகானசத்தின் பஞ்சபேரம், அதாவது ஒரே பெருமாளுக்கு ஐந்து திருவுருவங்கள். திருமலையில் மூலவர் துருவ பேரம், அசைய மாட்டார். தினசரி அபிஷேகமும் இரவு ஏகாந்த சேவையில் கட்டிலில் சயனமும் போக சீனிவாசருக்கு. மலையப்பர் வீதி உலாவுக்கு. கொலுவு சீனிவாசர் காலையில் தர்பார் நடத்துவார், அவர் முன் பஞ்சாங்கமும் முந்தின நாள் உண்டியல் வரவும் வாசிக்கப்படும் (சாமியே ஆனாலும் கணக்கு கேட்பார்!). உக்கிர சீனிவாசர் மட்டும் கைசிக துவாதசியன்று விடிவதற்கு முன் வெளியே வந்து, வெயில் படுவதற்குள் உள்ளே போய்விடுவார். பார்க்கிறவர்களுக்கு வழக்கமாகத் தெரிவது எல்லாம் ஆகம விதி.

படிக்க ஆசை இருந்தால் லட்சுமி தந்திரத்தில் தொடங்குங்கள், தாயாரே பேசுகிற நூல், மற்றவற்றைவிட எளிது. சஞ்சுக்தா குப்தாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1972-இல் வந்தது. அகிர்புத்னிய சம்ஹிதைக்கு ஷ்ரேடர் எழுதி அடையாறு நூலகம் 1916-இல் வெளியிட்ட முன்னுரை நூலையும் பாருங்கள். கிரியா பாதத்தை மட்டும் தனியாகப் படிக்காதீர்கள், பட்டரோ (அர்ச்சகர்) ஸ்தபதியோ பக்கத்தில் இல்லாவிட்டால் பாதி புரியாது.