சிற்றுண்டிச்சாலைக் கரப்பானுக்கு வளாகம் முழுவதும் மருந்தடிக்க வேண்டுமா?

வணக்கம் சகோதரி. உங்கள் மகனுக்கு ஆஸ்துமா இருக்கும் நிலையில், மலேசியாவின் பட்டர்வொர்த்திலுள்ள அவனது தமிழ்ப்பள்ளியின் சிற்றுண்டிச்சாலையில் கரப்பான் பெருகியதால், வகுப்பறைகள் உட்பட வளாகம் முழுவதும் மாதந்தோறும் மருந்து தெளிக்கப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் எண்ணுவதாக எழுதியிருந்தீர்கள். உங்கள் கவலை நியாயமானது. கரப்பானின் எச்சமும் உதிர்ந்த தோலும் ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியவை என்பதால் அவற்றை ஒழிக்கத்தான் வேண்டும். ஆனால், தெளிப்பு மருந்து அதற்குச் சரியான வழியன்று.

சமையலிடங்களில் பெருகுவது பெரும்பாலும் சிறிய ஜெர்மன் கரப்பான். அதன் ஒரே முட்டைப்பையில் 30 முதல் 40 முட்டைகள் இருக்கும். மருந்து அந்தப் பையை எளிதில் ஊடுருவாது. பைரித்ராய்டு என்ற தெளிப்பு மருந்து வகை பட்ட இடத்தை விட்டு விலகும் கரப்பான்கள் சுவர் இடுக்குகளுக்குள் சிதறிவிடுவதும் உண்டு.

முதலில் அடுப்பு, குளிர்பெட்டி, கழுவுதொட்டி ஆகியவற்றின் அருகிலும் வகுப்பறைகளிலும் ஒட்டும் பொறிகளை ஒரு வாரம் வைத்து, கரப்பான்கள் எங்கே குடியிருக்கின்றன என்று பாருங்கள். பொறி வெறுமையாக இருக்கும் வகுப்பறைக்கு மருந்தே வேண்டாம். கசியும் குழாயைச் சரிசெய்து, இடுக்குகளை அடைத்து, உணவுக் கழிவை அன்றாடம் மாலையே அகற்றிய பின், பிள்ளைகளின் கைக்கு எட்டாத பிளவுகளில் மட்டும் ஜெல் இரையை (கரப்பான் தின்று சாகும் நஞ்சு கலந்த பசை) சிறு புள்ளிகளாக வைக்கச் சொல்லுங்கள். அதன் அருகே தெளிப்பு மருந்து பட்டால் கரப்பான் இரையைத் தொடாது.

வேலைக்கு வருபவரிடம் 1974ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் பெற்ற உரிமத்தையும் மருந்தின் லேபிளையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.