கல்லூரியில் படிக்கும்போது குழு சிகிச்சையில் சேரலாமா?

"கல்லூரி ஆலோசகர் என்னைக் குழு சிகிச்சையில் சேரச் சொல்கிறார். ஒருவரிடம் மனம்விட்டுப் பேசவே எனக்குத் தயக்கம். முன்பின் தெரியாத ஏழெட்டுப் பேர் நடுவில் என்ன பேசுவேன்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சேருங்கள் என்பதே என் பதில். இளநிலைப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நானும் இதே தயக்கத்தோடுதான் ஒரு குழுவில் சேர்ந்தேன். தயக்கம் போன பிறகு சேரலாம் என்று காத்திருந்தால் படிப்பே முடிந்துவிடும்.

குழு சிகிச்சை என்பது மனச் சிக்கல்களைச் சிலர் ஒன்றாக அமர்ந்து பேசும் சிகிச்சை. பொதுவாக ஒரு குழுவில் ஆறு முதல் பத்துப் பேர் இருப்பார்கள். ஒன்றிரண்டு சிகிச்சையாளர்கள் உடன் இருப்பார்கள். வாரம் ஒருமுறை, ஏறத்தாழ 90 நிமிடங்கள். பேசியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தொடக்க வாரங்களில் நான் பெரும்பாலும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

எதற்கும் அஞ்சாதவர் போல் தெரிந்த ஒரு மாணவர் ஒருநாள் பேசினார். வகுப்பில் சந்தேகம் கேட்பதற்கு முன் அந்த வாக்கியத்தை மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பாராம். அதற்குள் பாடம் வேறு எங்கோ போய்விடுமாம். அச்சு அசலாக என் கதை. எல்லோருக்கும் ஏதோ ஒரு சிக்கல் உண்டு என்பது நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் நாம் ஒளித்து வைத்திருந்த ஒன்றை எதிரில் இருப்பவர் தன்னுடையதாகச் சொல்லும்போது, நெஞ்சில் இருந்த பாரம் அங்கேயே குறைகிறது. குழு சிகிச்சை பற்றி விரிவாக எழுதிய அமெரிக்க மனநல மருத்துவர் இர்வின் யாலோம், அது பலன் தருவதற்கு 11 காரணிகளைக் குறிப்பிட்டார். 'நான் மட்டும் இப்படி இல்லை' என்ற இந்த உணர்வு அவற்றுள் ஒன்று.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது வேறொன்று. வீட்டுப் பிரச்சினை ஒன்றை நான் சொல்லி முடித்ததும் ஒரு மாணவி, "நீங்கள் வேதனையான விஷயத்தைச் சொல்லும்போதெல்லாம் சிரிக்கிறீர்கள். உங்களுக்கு ஆறுதல் சொல்லலாமா கூடாதா என்றே எனக்குத் தெரியவில்லை" என்றார். இத்தனை ஆண்டுகளில் எந்த நண்பரும் இதைச் சொன்னதில்லை. என் துன்பத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை என்று நினைத்திருந்தேன். நெருங்கி வருபவர்களை என் சிரிப்பே தள்ளி நிறுத்தியிருக்கிறது என்பது அன்றுதான் புரிந்தது. வெளியில் மனிதர்களோடு எப்படிப் பழகுகிறோமோ, சில வாரங்களில் குழுவிலும் அப்படியே பழகத் தொடங்கிவிடுவோம். வெளியில் அதை யாரும் எடுத்துச் சொல்ல மாட்டார்கள். குழுவில் சொல்வார்கள், அதுவும் அக்கறையோடு. தனி அமர்வில் இது கிடைப்பது அரிது. அதனால், ஆலோசகருக்கு நேரம் இல்லாததால் குழுவில் தள்ளிவிடுகிறார் என்று நினைக்காதீர்கள். மனச்சோர்வு, பதற்றம் போன்ற பல சிக்கல்களில் குழு சிகிச்சை தனிச் சிகிச்சைக்கு இணையான பலன் தருவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ரகசியம் காக்கப்படுமா என்ற கவலை நியாயமானது. உயிருக்கு ஆபத்து போன்ற சில விதிவிலக்குகள் தவிர, சிகிச்சையாளரைத் தொழில் நெறி கட்டுப்படுத்துகிறது. மற்ற மாணவர்களைக் கட்டுப்படுத்துவது அவர்கள் கொடுக்கும் வாக்கு மட்டுமே. எங்கள் குழுவில் அந்த வாக்கு காப்பாற்றப்பட்டது. என்றாலும் நம்பிக்கை வளர வளர மனம் திறந்தால் போதும். உங்கள் வகுப்பிலோ விடுதியிலோ இருப்பவர் அதே குழுவில் இருந்துவிடக் கூடாது என்று நினைத்தால், சேருவதற்கு முன் நடக்கும் தனி நேர்காணலிலேயே சொல்லிவிடுங்கள். பயிற்சிகள் கற்றுத்தரும் குழுவா, மனம்விட்டுப் பேசும் குழுவா, இடையில் புதியவர்கள் சேருவார்களா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் இப்போது உங்களை வாட்டினால், குழு தொடங்கும் நாள்வரை காத்திருக்க வேண்டாம். இன்றே ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ நேரடியாகச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் தேவை உடனடியான தனிக் கவனம்.

முதல் சில அமர்வுகள் சங்கடமாகத்தான் இருக்கும். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒன்றிரண்டு மாதங்களுக்குப் பிறகும் ஒட்டவில்லை என்றால், சொல்லாமல் நின்றுவிடாமல், "எனக்கு இது சரிவரவில்லை" என்று குழுவிலேயே சொல்லுங்கள். ஏன் ஒட்டவில்லை என்பதை அங்கேயே பேசலாம். அதன் பிறகும் விலகத் தோன்றினால் விலகலாம். வேறு குழுவோ தனி அமர்வோ ஆலோசகர் ஏற்பாடு செய்வார்.