‘உன்னைச் சொல்லவில்லையே’ என்கிறார்

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

எனக்கு 28 வயது. வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவள். சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. உடன் வேலை செய்த ஒருவரை நான்கு ஆண்டுகளாக நேசிக்கிறேன். அவர் வீடு நங்கநல்லூரில். என் தம்பி விபத்தில் அடிபட்டுக் கிடந்தபோது மூன்று இரவுகள் மருத்துவமனை வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்திருந்தவர் அவர். அதனால்தான் முடிவெடுக்க முடியாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

அரசியலில் நாங்கள் ஆளுக்கொரு திசை. 2024 ஏப்ரல் 19 அன்று அவரவர் வாக்குச்சாவடியில் வாக்களித்துவிட்டு, மை வைத்த இரண்டு விரல்களையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டோம். யார் யாருக்குப் போட்டோம் என்பது இருவருக்கும் தெரியும். அது எங்களைப் பிரிக்கவில்லை. இடஒதுக்கீடு என்று வந்தால்தான் பேச்சு முற்றிவிடுகிறது.

நான் பட்டியல் சமூகத்துப் பெண். 2015ஆம் ஆண்டு பொறியியல் கலந்தாய்வில் அந்தப் பிரிவில்தான் இடம் பெற்றேன். சாதியைப் பார்த்து இடம் தரக் கூடாது, வறுமையைத்தான் பார்க்க வேண்டும் என்பது அவர் கருத்து. அவருடைய அண்ணனுக்கு அரை மதிப்பெண்ணில் மருத்துவ இடம் கைநழுவிப் போனது. கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் சேர்த்தார்கள். நான் கல்வியில் இடஒதுக்கீட்டுக்கு வழிசெய்த 1951ஆம் ஆண்டின் முதல் அரசியல் சட்டத் திருத்தத்தில் தொடங்கி நம் மாநிலத்தின் 69 விழுக்காடு இடஒதுக்கீடுவரை சொல்வேன். அவர், மற்ற இடஒதுக்கீடுகளில் வராத ஏழைகளுக்கென 2019இல் வந்த 10 விழுக்காட்டை எடுத்துப் போடுவார். கடைசியில் இருவரும் பேசாமல் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவோம்.

இரண்டு மாதத்துக்கு முன் அவருடைய நண்பர்களோடு பெசன்ட் நகரில் சாப்பிடப் போயிருந்தோம். அலுவலகத்துக்குப் புதிதாக வந்த ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்தது. ‘கோட்டாவில் படித்து வந்திருப்பான்’ என்றார் ஒரு நண்பர். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். திரும்பும் வழியில் கேட்டேன். ‘உன்னைச் சொல்லவில்லையே, நீ உண்மையிலேயே திறமைசாலி’ என்றார். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை.

அவர் வீட்டில் என்னைப் பிடித்திருக்கிறது. அவருடைய பாட்டி இருக்கும்வரை என் சாதியைப் பற்றி மட்டும் வீட்டில் வாயெடுக்க வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார், வேறு குறையில்லை. தை மாதத்தில் பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாம் என்கிறார். என் அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. ஒரு கருத்து வேறுபாட்டுக்காக நல்ல மனிதரை இழப்பது சரியா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

*

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று இரவுகள் வராந்தாவில் படுத்திருந்த மனிதரை நான் லேசாக எடைபோட மாட்டேன். நீங்களும் போடவில்லை என்பது கடிதத்தில் தெரிகிறது.

முதலில் ஒரு சுமையை இறக்கி வையுங்கள். அவரை வாதத்தில் வென்றாக வேண்டும் என்பதில்லை. அந்த 10 விழுக்காட்டு வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளே 2022 நவம்பரில் மூன்றுக்கு இரண்டு என்று பிரிந்துதான் தீர்ப்பளித்தார்கள். அதை நீங்கள் இருவரும் ஒரு மாலையில் பேசித் தீர்க்க முடியாமல் போனதில் வியப்பில்லை. தம்பதியரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், கணவன் மனைவி சச்சரவுகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கடைசிவரை தீராதவை என்கிறார். அவற்றை வைத்துக்கொண்டே நன்றாக வாழ்கிறவர்கள் நிறையப் பேர். உறவை அரிப்பது இகழ்ச்சிதான் என்பது அவர் கண்டது. என் அறைக்கு வரும் தம்பதியரிடம் நானும் அதையே பார்க்கிறேன்.

ஆகவே அவருடைய கொள்கையைவிட அந்தச் சிரிப்புதான் எனக்குக் கவலை தருகிறது. அதைவிடவும், அதற்குப் பிறகு அவர் சொன்ன ஆறுதல். ‘உன்னைச் சொல்லவில்லையே’ என்று அவர் அன்போடுதான் சொல்லியிருப்பார். ஆனால் அந்தச் சொல் உங்களை உங்கள் அப்பாவிடமிருந்தும் தம்பியிடமிருந்தும் உங்கள் தெருவிலிருந்தும் தனியே பிரித்தெடுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைக்கிறது. நீ மட்டும் வேறு என்கிறது. அப்படி உட்கார்ந்திருப்பவர் ஒவ்வொரு நாளும் தன் தகுதியை மெய்ப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் வேலையில் ஒரு தவறு நேர்ந்தாலும் அந்தச் சலுகை போய்விடுமோ என்ற பயம் உள்ளே ஓடும். உங்கள் தூக்கம் கெட்டது அதனால்தான் என்று நினைக்கிறேன். அரசியல் பேச்சில் தோற்றதற்காக யாருக்கும் இரண்டு மாதம் தூக்கம் போவதில்லை.

இன்னொன்று. பாட்டியைப் பற்றி ஒரே வரியில் எழுதி, ‘வேறு குறையில்லை’ என்று கடந்துவிட்டீர்கள். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு செய்தால், பதிவு அலுவலகத்தில் 30 நாள் உங்கள் இருவர் பெயரும் முகவரியும் அறிவிப்பில் இருக்கும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று சட்டம் வெளிப்படையாக வைப்பதை, நீங்கள் வாழப்போகும் வீட்டில் மறைக்க வேண்டுமா? உங்கள் அப்பா சம்பந்தி வீட்டுக்கு வந்தால் எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது என்று அவருக்கும் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்களா? இது கருத்து வேறுபாடு என்ற சொல்லுக்குள் அடங்காது. பாட்டியின் மனம் நோகாதிருக்க உங்களை வாய்மூடச் சொல்லியிருக்கிறார். கேட்டவுடன் நீங்களும் ஒத்துக்கொண்டீர்கள். ஏன் ஒத்துக்கொண்டோம் என்று நிதானமாக யோசித்துப் பாருங்கள்.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். 1951, 69 என்று நீங்கள் அவருக்கு எடுத்து வைத்தவை எல்லாம் எண்கள். எண்ணுக்கு எண்ணால் பதில் சொல்வது யாருக்கும் எளிது. கல்லூரியில் முதல் நாள் எப்படி இருந்தது, உதவித்தொகைப் பட்டியலை வாசித்தபோது உங்கள் பெயர் வந்ததா, யார் திரும்பிப் பார்த்தார்கள், அந்த இடம் கிடைத்த அன்று உங்கள் அப்பா என்ன செய்தார்? இவற்றில் ஒன்றாவது அவருக்குத் தெரியுமா? கடிதத்தில் எனக்கும் நீங்கள் சொல்லவில்லை. சொன்னால் இரக்கப்படுவார் என்ற கூச்சம் இருக்கலாம். அந்தக் கூச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் இவரோடு வாழ வேண்டுமானால் ஒருமுறையாவது சொல்லத்தான் வேண்டும்.

திருவான்மியூர் கடற்கரையோ உங்களுக்குப் பழகிய வேறு இடமோ, நண்பர்கள் இல்லாத நேரமாகப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வேண்டவே வேண்டாம். நீங்கள் சொல்லும்போது அவர் குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும். முடிந்ததும், கேட்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பிறகு அவர் பேசட்டும். அண்ணன் படிப்புக்கு வாங்கிய கடன் தீரும்வரை அவர் வீட்டில் சாப்பாட்டு வேளைகள் எப்படிக் கழிந்தன என்று கேளுங்கள். அந்த வலியும் பொய்யில்லை. ஒருவருடைய அரை மதிப்பெண்ணையும் இன்னொரு குடும்பத்தின் மூன்று தலைமுறையையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம். என்றாலும் அதை அன்றைக்கே அவரிடம் சொல்ல வேண்டாம், அன்று கேட்டாலே போதும். நெஞ்சு படபடத்தால் எழுந்து 20 நிமிடமாவது நடந்துவிட்டு வாருங்கள். உடல் கொதிக்கும்போது காது கேட்காது.

அதற்குப் பிறகு அவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். அடுத்த முறை அதே நண்பர் அதே சொல்லைச் சொன்னால் என்ன செய்வீர்கள்? நமக்குப் பிள்ளை பிறந்தால் சாதிச் சான்றிதழில் என்ன எழுதுவோம்? தமிழ்நாட்டில் கலப்பு மணத் தம்பதியர் தங்கள் பிள்ளைக்குத் தாய், தந்தை இருவரில் ஒருவருடைய சமூகத்தை அறிவித்துச் சான்றிதழ் பெறலாம். நீங்கள் சண்டை போட்ட அரசியல் முழுவதும் ஒரு நாள் அந்த ஒற்றைப் படிவத்தில் வந்து நிற்கும். உங்கள் சமூகத்தை எழுத அவர் தயங்கினால், அந்தத் தயக்கம் எங்கிருந்து வருகிறது என்று அவர் தனக்குத்தானே கேட்டுச் சொல்லட்டும். அவருக்கு உடனே பதில் தெரியாமல் இருக்கலாம், அதில் தவறில்லை. ‘இதெல்லாம் இப்போது எதற்கு?’ என்று தள்ளிவிட்டால் மட்டும் எனக்கு எழுதுங்கள்.

தை மாதத்தை விட்டால் சித்திரை இருக்கிறது, ஆவணி இருக்கிறது. பாட்டி விஷயத்தை அவர் தன் வீட்டில் வாய்திறந்து பேசி முடிக்கும்வரை நீங்கள் நாள் குறிக்க வேண்டாம். அவர் பேசி முடித்த பிறகு அப்பாவிடம் சொல்லுங்கள். அப்போது அவரையும் உடன் அழைத்துக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்